கொம்தார் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு மன்றம் இருந்தது



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருக்கும்போது ஒரு பேச்சு வந்தது. மாநகர் கழகம் ஏதாவது திட்ட வரைபடத்தைப் பொதுப்பார்வைக்கு வைத்தால் இனிமேல் நாம் தவறாமல் போய்ப் பார்க்கணும்னு எங்களில் ஒருத்தர் சொன்னார். உடனே இன்னொருத்தர், "அது கவுன்சில்காரங்க வேலைங்க. நமக்கு மாலை கட்டவே ஆள் பத்தலை"ன்னு சொல்லிட்டார். எல்லாரும் சிரிச்சோம். ஆனா அவருக்குப் பதில் சொல்லப் போய், பேச்சு கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குப் போய், அங்கிருந்து 1951 வரைக்கும் போயிடுச்சு. மண்டபத்து விளக்கை அணைக்கிற நேரம் ஆனதால் பாதியில் நிறுத்தினோம். மீதியை எழுதிப் போடுறதா வாக்குக் கொடுத்திருந்தோம். அதுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

புக்கிட் தெங்கா பக்கத்துப் பெரியவர்கள் "பினாங்குக்குப் போறேன்"னு சொன்னால் தீவுக்குப் போறாங்கன்னு அர்த்தம். நாமளும் பினாங்கு மாநிலம்தான், ஆனாலும் பேச்சு அப்படித்தான். தைப்பூசத்துக்கு முதல் நாள் அப்படிப் போகாத குடும்பம் நம்ம பக்கத்தில் குறைவு. பினாங்குத் தெரு கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 2017 முதல் ராணித் தெரு என்கிற லெபோ குவீனில் இருக்கிற ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வேலோடு தங்க ரதமும் புறப்படுது. இரண்டும் டத்தோ கிராமட் சாலை வழியா தண்ணீர்மலை நோக்கிப் போகும். தேங்காய் உடைபடும் அந்தக் கூட்டத்தில் நடந்துக்கிட்டே கொஞ்சம் தலையைத் தூக்கினால் ஒரு பெரிய வட்டக் கோபுரம் மாதிரி தெரியும். உண்மையில் அது வட்டம் இல்லை, பன்னிரண்டு பக்கம். அதுதான் கொம்தார். கட்டி முடிச்சப்போ அறுபத்தைந்து மாடி. நம்மில் பலர் பிறக்கும்போதே அது இருந்ததால் எப்பவும் இருந்த மாதிரி ஒரு நினைப்பு.

அது எப்படி வந்தது, யார் கூடிப் பேசி முடிவெடுத்தாங்க என்பதில்தான் நம்ம கதை இருக்கு.

முதலில் மன்றத்தைப் பற்றிச் சொல்லணும். 1951 டிசம்பர் 1ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. சுதந்திரம் வர இன்னும் ஆறு வருஷம் இருக்கு. மலாயாவிலேயே முதன்முதலா மக்கள் ஓட்டுப் போட்ட உள்ளாட்சித் தேர்தல் அதுதான். மன்றத்தில் 15 இடம், அதில் 9 இடத்துக்கு மட்டும் தேர்தல். மீதி நியமனம். தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என்று மூன்று வட்டாரம். ஒன்பதில் ஆறு இடத்தை ராடிக்கல் கட்சி பிடித்தது. அந்தக் கட்சியின் முன்னணியில் இருந்த இளம் டாக்டர் ஒருத்தரின் பெயர் லிம் சோங் இயூ. இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்பி வருவார்.

சில வருஷத்தில் 15 இடமும் தேர்தலுக்கு வந்துவிட்டது. 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுனுக்கு எலிசபெத் ராணியார் மாநகர் தகுதி கொடுத்தார். அடுத்த வருஷம், 1958இல், மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு தமிழர். டி. எஸ். இராமநாதன். பள்ளி ஆசிரியர், தொழிற்கட்சிக்காரர். 1961 வரை அவர்தான் மேயர். புலாவ் திக்குஸ் பக்கம் முன்பு ஸ்காட் ரோடுன்னு இருந்த சாலைக்கு இப்போ அவர் பெயர்தான். அந்த வழியா காரில் போகிற நம்ம பிள்ளைகளுக்கு அவர் யாருன்னு தெரியாது. எங்களுக்கும் ரொம்ப நாளாத் தெரியாது, ஒத்துக்கிறோம்.

அந்த மன்றம் குப்பை அள்ளுறது, வீட்டு வரி வாங்குறதுன்னு மட்டும் இருந்த மன்றம் இல்லை. மின்சாரம் அவங்க கையில். தண்ணீர் அவங்க கையில். பஸ் ஓட்டினாங்க, 1961 வரை மின்கம்பியில் ஓடுகிற டிராலி பஸ்ஸும் இருந்தது. 1962இல் திறந்த ஆயர் ஈத்தாம் நீர்த்தேக்கம் அவங்க கட்டினது. ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடும் கட்டினாங்க. மலாயாவிலேயே வசதியான மன்றம்னு பெயர். கடற்கரை எஸ்பிளனேட் எதிரே 1903இல் கட்டின வெள்ளைக் கட்டடம் இருக்கே, சிட்டி ஹால், அங்கேதான் கூட்டம். உறுப்பினர்கள் வட்டாரத்து மக்கள் ஓட்டில் வந்தவர்கள். கால்வாய் நாறினாலும் தெருவிளக்கு எரியலைன்னாலும் அடுத்த தேர்தலில் அவங்களைக் கேட்க முடியும். நகர நடுப்பகுதியைப் புதுசா மாற்றி அமைக்கணும் என்கிற யோசனையே இந்த மன்றத்தின் காலத்தில், அறுபதுகளின் தொடக்கத்தில், பேச்சுக்கு வந்துவிட்டது. ஆக, கொம்தார் ஒரே ஒரு ஆளின் தலையில் திடீர்னு உதித்ததுன்னு சொல்வது சரியில்லை.

ஆனா அந்த யோசனையைக் கடைசி வரை விவாதிக்க அந்த மன்றம் இல்லாமல் போச்சு.

1965இல் இந்தோனேசியாவோடு மோதல் காலம். அதைக் காரணம் காட்டி நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வெச்சாங்க. தற்காலிகம்னுதான் சொன்னாங்க. 1966இல் ஜார்ஜ்டவுன் மன்றத்தின் மேல் முறைகேட்டுக் குற்றச்சாட்டு எழுந்து, அதன் அதிகாரம் முழுவதும் மாநில முதலமைச்சர் கைக்குப் போச்சு. அன்றைக்கு மன்றம் எதிர்க்கட்சியான சோசலிச முன்னணியிடம், மாநிலம் கூட்டணியிடம். இதில் எவ்வளவு நிர்வாகம், எவ்வளவு அரசியல் என்று இன்றைக்கும் பேசுறவங்க உண்டு. நாங்க ஆலயத் தொண்டர்கள், அந்த வழக்கைத் தீர்க்க வரலை. மன்றம் மூடினது மூடினதுதான், மறுபடி தேர்தல் வரவே இல்லை என்பதை மட்டும் குறிச்சுக்குவோம்.

இங்கே இன்னொரு தமிழர் வருகிறார். உள்ளாட்சி எப்படி நடக்கணும்னு ஆராய 1965இல் அரசாங்கம் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.வில் பெரிய பொறுப்பில் இருந்தவர், வழக்கறிஞர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மாவின் கணவர் என்று சொன்னால் உங்களில் பலருக்கு உடனே தெரியும். அவருடைய ஆணையம் நாடு முழுக்கச் சுற்றி விசாரித்து, உள்ளாட்சி மன்றங்கள் தேர்தலில் வந்தவர்களால்தான் நடத்தப்படணும் என்று எழுதிக் கொடுத்தது. 1968இல் முடிந்த அறிக்கை 1971இல்தான் வெளியில் வந்தது. அந்த முக்கியப் பரிந்துரையை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆளும் கூட்டணியில் இருந்த ஒருத்தர், தன் கூட்டணிக்கே பிடிக்காத பதிலை எழுதிக் கொடுத்தார் பாருங்க. அதை நினைச்சு நமக்குக் கொஞ்சம் பெருமைப்படத் தோணுது.

சரி, கொம்தாருக்கு வருவோம்.

அறுபதுகளின் கடைசியில் பினாங்கு நிலைமை மோசம். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்கிற சலுகை போச்சு. துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவங்க, மூட்டை தூக்கினவங்க, தொங்காங் படகுக்காரங்க, கடைக்காரங்க எல்லாருக்கும் அடி. அதில் நம்ம ஆட்கள் எத்தனை பேர்! ராணித் தெரு அம்மன் கோயிலை வளர்த்ததில் பெரிய பங்கு அந்தத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு உண்டு. 1967 நவம்பரில் பழைய நாணயத்தின் மதிப்புக் குறைப்பை எதிர்த்து நடந்த கடையடைப்பு கலவரத்தில் முடிந்தது. வேலையில்லாத இளைஞர்கள் தெருவில். அந்தச் சமயத்தில் 1969 தேர்தலில் கெராக்கான் கட்சி மாநிலத்தைப் பிடிக்க, முதலமைச்சராக வந்தவர் அதே லிம் சோங் இயூ. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் முதல் உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்த கட்சியில் இருந்தவர், இப்போ உள்ளாட்சித் தேர்தல் இல்லாத காலத்தில் மாநிலத்துக்குத் தலைவர்.

அவர் வேகமா வேலை செய்தார், அதை மறுக்க முடியாது. 1969 கடைசியில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையா வந்தன. நம்ம பக்கத்தில் பிறையிலும் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. இதை வாசிக்கிறவங்களில் பலருடைய அம்மாவும் அக்காவும் அந்தத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போய்ச் சம்பாதிச்சுத்தான் வீட்டை நிமிர்த்தினாங்க. ஆலயங்களுக்கு வந்த நன்கொடையிலும் அந்தச் சம்பளப் பணம் இருக்கு.

அதே வேகத்தில் நகர நடுவில் கொம்தார். 1974இல் வேலை தொடங்கினது. வரைந்தவர் கட்டடக் கலைஞர் லிம் சோங் கீட், முதலமைச்சரின் தம்பி. இன்றைக்கு அப்படி ஒன்று நடந்தால் நம்ம வாட்ஸ்அப் குழுக்கள் என்ன பாடுபடும்னு நினைச்சுப் பாருங்க. ஆனா அவர் திறமையான கட்டடக் கலைஞர்தான், கீழ்த்தளத்துக் கூரை மேல் இருக்கிற கோள வடிவ மண்டபத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். மாநில அரசு அலுவலகம், நகராண்மைக் கழக அலுவலகம், கடைகள், பஸ் நிலையம் எல்லாம் ஒரே இடத்தில், படிப்படியாகப் பல கட்டமாக என்பது திட்டம். 1983 ஜனவரியில் கட்டிக்கிட்டு இருக்கும்போதே மேல்மாடியில் தீப்பிடித்தது. எண்பதுகளின் நடுவில் முடிந்தது. 1985இல் பாலம் திறந்தது, கொம்தார் லிப்டில் ஏறிப் பார்க்கவே பெருநிலத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போன காலம் அது.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? பிராங்கின் கால்வாய் ஓரத்துக் கடைவீடுகள், பட்டறைகள், சின்னச் சின்னத் தெருக்கள். கிளாட்ஸ்டன் ரோடுன்னு ஒரு தெருவே இருந்தது. இப்போ அது வரைபடத்தில் கிடையாது. அங்கே குடியிருந்தவங்க, தொழில் செய்தவங்க கிளம்பிப் போனாங்க. இப்படி ஒரு பெரிய இடிப்பு நடக்கும்போது வழக்கமா யாரிடம் போய்ச் சண்டை போடுவோம்? நாம் ஓட்டுப் போட்டு அனுப்பின வட்டார உறுப்பினரிடம். அப்படி ஒருத்தர் அப்போ இல்லை. சிட்டி ஹால் கட்டடம் இருந்தது, நாற்காலிகள் இருந்தன, ஓட்டில் வந்தவங்க இல்லை.

தேர்தலில் வந்த மன்றம் இருந்திருந்தால் கொம்தார் வந்திருக்காதுன்னு நாங்க சொல்ல வரலை. வந்திருக்கலாம். அந்த மன்றமே நகர மையத்தை மாற்ற ஆசைப்பட்டதுதான். ஆனா கிளாட்ஸ்டன் ரோட்டுக்காரர் ஒருத்தர் எழுந்து நின்னு "என் பட்டறையை எங்கே கொண்டு போகணும்?"னு கேட்டிருப்பார், அதுக்கு யாராவது பதில் சொல்லியிருக்கணும், அது கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கும். எங்க வருத்தம் அந்தக் குறிப்பு இல்லாததைப் பற்றித்தான்.

திட்டத்தின் எல்லாக் கட்டமும் நினைச்சபடி வரவும் இல்லை. சில பகுதி பல வருஷம் கழித்து பேரங்காடியா வந்தது. கால்வாயின் பழைய சந்தைப் பகுதி, ஹொக்கியனில் சியா போய், அதாவது ஊர்க்கோடி, சந்தை வேறிடம் போனபிறகு பாழாய்க் கிடந்தது. அங்கே மண்ணைத் தோண்டினபோது பழைய கால்வாயின் சுவர்கள் கிடைத்தன. அதற்குப்பிறகு கட்டட யோசனைகள் ஒதுங்கி, 2019இல் தொல்லியல் பூங்காவாகத் திறந்தாங்க. இப்போ மாலையில் பிள்ளைகள் அங்கே மீனுக்குப் பொரி போடுறாங்க.

அடுத்த மாற்றம் இடிக்காமலே ஊரைக் காலி பண்ணின மாற்றம். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஜார்ஜ்டவுனில் 12,000க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் இருந்தன. வாடகை ரொம்பக் குறைவு. வீட்டுக்காரர் பழுது பார்க்க மாட்டார், வாடகைக்காரர் காலி பண்ண மாட்டார், கூரை ஒழுகும், ஆனா வாழ்க்கை ஓடும். 2000 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் இல்லை. வாடகை ஏறினது, குடும்பங்கள் வெளியே போனாங்க. லிட்டில் இந்தியாவில் கடை இருக்கும், மேல்மாடியில் குடும்பம் இருக்காது. ராணித் தெரு ஆலயத்துக்கு நடந்து வந்து விளக்கேற்றினவங்க இப்போ காரில் வந்து நிறுத்த இடம் தேடுறாங்க. தீவின் மிகப் பழைய இந்து ஆலயம் அது, 1833இல் எழுந்தது. அந்த நிலம் நம்மவர்களுக்குக் கிடைச்சது அதற்கும் முன்னால், 1801இல். அம்மன் இருந்த இடத்தில்தான் இருக்கிறாள், சுற்றி இருந்த ஊர்தான் நகர்ந்து போச்சு.

2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம் ஆனது. பழைய நகரின் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டேர், அதைச் சுற்றிக் காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டேர். பழைய கட்டடங்களுக்காக மட்டும் கொடுத்த பெருமை இல்லை இது. ஒரே தெரு வட்டாரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குவான் இன் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், நம்ம மாரியம்மன் எல்லாம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறதும் காரணம்.

பட்டியலில் சேர்ந்த கையோடு ஒரு சிக்கல் வந்தது. அந்தப் பகுதியில் 18 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது, ஆனா அதைத் தாண்டின நான்கு ஹோட்டல் திட்டங்கள் ஏற்கெனவே நகராண்மைக் கழகத்தின் கைவழியா வந்திருந்தன. யுனெஸ்கோ கேள்வி கேட்டது, 2009இல் வெளிநாட்டு நிபுணர்கள் நேரில் வந்து பார்த்தாங்க. மாநில ஆட்சியும் அப்போதான் மாறியிருந்தது. அன்றைக்கு நடந்த வாக்குவாதங்களைப் படிக்கும்போது எங்களுக்கு ஒன்று உறைத்தது. பல வருஷமா ஊர்க்காரங்க கேட்டும் கிடைக்காத விளக்கம், பாரிஸிலிருந்து ஒரு கடிதம் வந்ததும் கிடைச்சது. கடைசியில் நகர மையத்துக்கென்று தனியா ஒரு சிறப்புப் பகுதித் திட்டம் தயாராகி, 2016 செப்டம்பர் 1ஆம் தேதி அரசிதழில் ஏறினது. இப்போ அங்கே ஒரு ஆலயம் சுவரைப் புதுப்பிக்கணும்னாலும் அந்தத் திட்டத்தைப் பார்த்துத்தான் செய்யணும். கும்பாபிஷேகத் திருப்பணிக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா பக்கத்தில் இருபது மாடி எழும்பி கோபுர தரிசனத்தை மறைக்கவும் அது விடாது.

இனி நம்ம பக்கம் வருவோம், இவ்வளவும் எழுதினது இதுக்காகத்தான்.

1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம்தான் இப்போ தீவுக்கும் நமக்கும் பொருந்துது. தீவில் 2015 முதல் பினாங்கு மாநகர் கழகம், இங்கே 2019 முதல் செபராங் பிறை மாநகர் கழகம். மேயரோடு அதிகபட்சம் 24 உறுப்பினர்கள். எல்லாரும் மாநில அரசின் நியமனம். 2008க்குப் பிறகு பொது அமைப்புகளிலிருந்தும் சிலரை நியமிக்கிறாங்க, அது நல்லது. உள்ளாட்சித் தேர்தலை மறுபடி கொண்டுவர 2012இல் பினாங்கு சட்டமன்றம் ஒரு சட்டமே போட்டது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு சொல்லிவிட்டது. ஆக ஓட்டு என்கிற கதவு மூடித்தான் இருக்கு.

ஆனா இரண்டு ஜன்னல் திறந்திருக்கு. ஒன்று, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால்தான் உண்டு. உள்ளே போய் உட்காரலாம், பேச முடியாது, கேட்கலாம். குழுக் கூட்டங்கள் அப்படி இல்லை. உண்மையான பேச்செல்லாம் குழுவில்தான் நடக்குதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க, இருந்தாலும் இதையாவது பயன்படுத்தணும். இரண்டாவது, அதே 1976இல் வந்த நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். உள்ளூர்த் திட்டத்தின் வரைவைக் குறைந்தது நான்கு வாரம் பொதுப்பார்வைக்கு வைக்கணும். அந்த நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம், மலாயில் பந்தாஹான், கொடுக்கலாம். கொடுத்தவங்களைக் கூப்பிட்டு விசாரணையில் கேட்கணும். நான்கு வாரம் முடிஞ்சு ஐந்தாவது வாரம் அழுதுக்கிட்டுப் போனால் அந்த உரிமை கிடையாது.

சில வருஷம் முன்பு கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன ஆலயத்தின் செயலவையினர் எங்களைக் கூப்பிட்டாங்க. ஆலயத்தின் பெயர் வேண்டாம். தோட்டக் காலத்தில் ஒரு மரத்தடியில் சூலம் நட்டுத் தொடங்கின கோயில். தோட்டம் போச்சு, சுற்றிலும் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்தது, கோயில் மட்டும் அங்கேயே. அவங்க கையில் ஒரு வரைபட நகல். அதில் ஆலயம் நிற்கிற இடத்தில் வழிபாட்டுத் தலத்துக்கான நிறம் இல்லை. பாதிக்கு மேல் சாலைக்கான ஒதுக்கீடு. "எப்போங்க வெளியில் வெச்சாங்க?"ன்னு கேட்டோம். தேதியைப் பார்த்தால் காலம் முடிஞ்சு பதினோரு நாள் ஆகியிருந்தது. அறிவிப்பு வரலையான்னு கேட்டோம். பத்திரிகையில் வந்ததாம். எந்தப் பத்திரிகைன்னு யாருக்கும் ஞாபகமில்லை. அந்த நான்கு வாரத்தில் ஆடித் திருவிழா நடந்துக்கிட்டு இருந்தது. எல்லாரும் பந்தல் போடுறதிலும் கூழ் காய்ச்சுறதிலும் மூழ்கி இருந்தாங்க.

கெரான் எங்கேன்னு கேட்டோம். கெரான் கிடையாது. தோட்ட நிர்வாகம் அந்தக் காலத்தில் வாய்வார்த்தையா கொடுத்த இடம். நம்ம ஆலயங்களில் எத்தனைக்கு இதே நிலைமைன்னு உங்களுக்குத் தெரியும். லோட் நம்பர் கூட யாருக்கும் தெரியலை. ஒரு பெரியவர் பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வந்தார், அதில் 1970களில் மின்சாரக் கட்டணம் கட்டின ரசீதுகள் ஒட்டி வெச்சிருந்தார். புத்தகத்தைத் திறந்ததும் கரையான் பொடி கொட்டினது. "இது போதுமா தம்பி?"ன்னு எங்களைக் கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியலை.

அந்த விஷயம் இன்னும் முடியலை. கடிதம் எழுதியிருக்கு, வட்டார உறுப்பினரைப் பார்த்தாச்சு, அவர் மரியாதையாகத்தான் பேசினார். சாலை இன்னும் வரலை, ஆலயமும் இருக்கு. ஒவ்வொரு தடவை சாலையோரம் யாராவது அளவுக்கோலோடு நின்னாலும் அங்கிருந்து எங்களுக்குப் போன் வருது.

இப்போ 2025இல் தொடங்கியிருக்கிற முத்தியாரா எல்.ஆர்.டி. தடம் கொம்தாரைத் தொட்டு, கடலைத் தாண்டி பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் வரை வரப்போகுது. நம்ம பக்கத்து நிலத்தின் விலையும் ஏறும், நிலத்தின் பயன்பாடும் மாறும். புக்கிட் தெங்காவில் ஏற்கெனவே கொமுட்டர் ரயில் நிலையம், நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை எல்லாம் பக்கம் பக்கமா இருக்கு. அடுத்த திட்ட வரைபடத்தில் நம்ம தெருவுக்கு என்ன நிறம் அடிக்கிறாங்கன்னு பார்க்கிறது மாலை கட்டுறவங்க வேலையும்தான். அந்த அன்பர் இதைப் படிச்சால் கோவிச்சுக்கக் கூடாது, அவர் இல்லைன்னா வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாலையே கிடையாது.

அடுத்த ஞாயிறு காலை அபிஷேகம் முடிஞ்சதும் மண்டபத்தில் உட்காரலாம்னு இருக்கோம். நாங்க வட்டார வரைபடம் ஒன்று பெரிசா அச்செடுத்துக் கொண்டு வருவோம். சுற்றுவட்டார ஆலயப் பொறுப்பாளர்கள் வந்தால், ஒவ்வொரு ஆலயமும் எந்த லோட் நம்பரில் இருக்குன்னு அதில் குறிச்சுக்கலாம். கெரான் நகல், நில அலுவலகக் கடிதம், சங்கப் பதிவுப் பத்திரம், பழைய மின்சார, தண்ணீர் ரசீது, கும்பாபிஷேகப் பத்திரிகை, எது இருந்தாலும் எடுத்து வாங்க. அசலை வீட்டிலேயே வெச்சுட்டு நகல் மட்டும் போதும். மழை பெய்தால் பின்பக்கச் சமையல்கட்டில் இடம் மாத்திக்குவோம். பண்டார் பெர்டாவில் முழு மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காரவும் இரண்டு பேர் வேணும். கூட்டம் வேலை நாளில்தான் நடக்கும், அதனால் ஓய்வு பெற்றவங்க யாராவது முன்வந்தால் நல்லது. வேன் செலவை நாங்க பார்த்துக்கிறோம்.

ஓம் சக்தி.